இடிஞ்சாவும் எங்கள் தடுப்புச் சுவரும்

சேர்வராயன் மலையில் மழையும் காற்றும் சேர்ந்து இடித்த வீடுகளைவிட இடிஞ்சா ஒருவர் இடித்த வீடுகள்தான் அதிகம். இத்தனைக்கும் அவர் ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஒரு வீட்டின் முன்னால் வந்து நிற்பார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கண்ணை மூடுவார். மூன்று விநாடி. அதற்குள் கூரை, சுவர், ஜன்னல், அடுப்பங்கரை எல்லாம் தரைமட்டமாகிவிடும். கண்ணைத் திறந்ததும் வீட்டுக்காரரிடம் கேட்பார்: "ஏனுங்க, இடிஞ்சா மறுபடி கட்ட எத்தினிங்க ஆவும்?"

அவர் வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஒண்டிக்கடை சந்திப்பிலிருந்து வாழவந்தி வரை நான் விசாரித்த பதினேழு பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

ஒரு புது வீடு மந்திரிப்பில் அவரை நேரிலேயே பார்த்தேன். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்து, எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்து நின்ற நேரம். இடிஞ்சா மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடியபோது ஜெபம் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். திறந்தார்.

"ஃபாதர், ஆமென் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறனுங்க. இந்த ஊடு இடிஞ்சா..."

வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "யோவ், பால் காய்ச்சற அன்னைக்கிப் பேசற பேச்சாய்யா இது?"

"இன்னைக்கித்தானுங்க மேஸ்திரி பில்லு கையில இருக்கும். அடுத்த வருசம் கேட்டா நீங்க ஒண்ணு சொல்வீங்க, அம்மா ஒண்ணு சொல்வாங்க."

ஒரு பொட்டலம் பிரியாணியைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே நின்று சாப்பிட்டு முடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "இந்த இரும்பு கேட்டு தனி பில்லுங்களா?" என்று கேட்டார்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய அசல் கிறுக்கு வேறு. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் பிரீமியத்திலிருந்துதான் வரும். பிரீமியம் ஏறினால் அவருக்கு லாபம். இவரோ பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடுவார். டீக்கடைக்காரர் ஒருவர் பத்து லட்சத்துக்குப் போடச் சொல்லிப் பணத்தை நீட்டியபோது, "ஆறு போதுங்க. மூணு செவுருதான் உங்களுது. நாலாவது செவுரு பக்கத்துக் கடைக்காரருது. அவரு செவுத்துக்கு நீங்க ஏனுங்க அழுவறீங்க?" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தவர். டீக்கடைக்காரர் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஒரு மாதம் தூங்கவில்லை.

நான் காப்பி எஸ்டேட் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் ரைட்டராக இருந்தவன். மூட்டையை எண்ணினேன், ஆட்களை எண்ணினேன், மழையை அளந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு எதுவும் இல்லாததால் கவலைகளை எண்ண ஆரம்பித்தேன். என் பட்டியலில் முதல் ஏழு கவலைகளும் எங்கள் வீட்டைப் பற்றியவை. வாழவந்தி ரோட்டில், சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டிய வீடு. சமையலறை ஓரமாக, பன்னிரண்டு அடி உயரத் தடுப்புச் சுவருக்கு மேலே நிற்கிறது. எனக்கும் என் மனைவி செலினுக்கும் அதைத் தவிர வேறு கூரை கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன் இடிஞ்சா எங்கள் வாசலுக்கு வந்து கண்ணை மூடினார். வீட்டுக் கடன் அடைந்த பிறகும் பாங்க் போட்டுக் கொடுத்த பாலிசியையே நான் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு லட்சத்துக்கு. வருஷத்துக்கு நாலாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.

"அறுவத்திரண்டு எப்பிடிங்க வந்துச்சு?" என்றார்.

"வீட்டை வித்தா அந்த விலைக்குப் போவுங்க."

"இடத்தோட சேத்துத்தானுங்களே? மண்ணு தீப்புடிக்குமுங்களா, ரைட்டர் சார்? ஊடே போனாலும் மண்ணு அங்கயேதான கெடக்கப் போவுது? விக்கற விலைக்கு எதுக்குங்க இன்சூரன்சு? கட்டற செலவுக்குத்தானுங்க போடோணும்."

பிறகு குடையை எடுத்தார். அது வெயிலுக்கும் மழைக்கும் அல்ல, அளப்பதற்கு. குடையின் நீளம் சரியாக மூன்றடி என்பது அவர் கணக்கு. வீடு முழுக்கக் குடையை மடக்கிப் போட்டுப் போட்டு நகர்ந்து, "சமையக்கட்டு நீளம் நாலு குடை, அகலம் மூணேகா குடை" என்று சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஆயிரத்து நூறு சதுர அடி. மறுபடி கட்ட இருபத்திரண்டு லட்சம். சாமான்களுக்கு இரண்டு லட்சம்.

"நகை எழுதியிருக்குதே, அது எங்கீங்க?"

"சேலத்துல, லாக்கர்ல," என்றாள் செலின்.

"லாக்கர்ல இருக்கற நகைக்கு ஊட்டுப் பாலிசில ஏனுங்க காசு?" ஒரே கோடு. நகை போனது. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி. முதல் பத்தாயிரம் ரூபாய் சேதத்தை நாங்களே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் இன்னும் குறையும். அந்தப் பத்தாயிரத்தை எங்கிருந்து எடுப்பது என்று நான் மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தேன். பிரீமியம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

"இருங்க," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படிகளில் இறங்கினார். பதினான்கு படி. கீழே நின்று தடுப்புச் சுவரை அண்ணாந்து பார்த்துக் கண்ணை மூடினார். இந்த முறை மூன்று விநாடி போதவில்லை. பத்து ஆனது.

"இதையும் சேக்கோணுமுங்க. எட்டு லட்சம்."

"அது வீடு இல்லீங்களே. சும்மா தடுப்புச் சுவரு."

"சும்மாவா? ஊடே அது தலைமேலதானுங்க ஒக்காந்திருக்குது!"

எங்கள் மலையில் யாரும் தடுப்புச் சுவரை வீட்டோடு சேர்த்துப் பேச மாட்டோம். வெள்ளையடிக்கும்போதுகூட அதை விட்டுவிடுவோம். அது மலையைச் சேர்ந்தது. மலைக்கு யாராவது இன்சூரன்ஸ் போடுவார்களா? ஆனாலும் அவர் விடவில்லை. சுவருக்காக வருஷத்துக்கு ஐந்நூற்று அறுபது ரூபாய் ஏறியது. மூன்று வருஷமும் அந்த ஐந்நூற்று அறுபது செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல என்னை உறுத்தியது.

மூன்று வருஷம் முடிந்ததும் நானே போனில் புதுப்பித்தேன். ஏஜென்ட் இல்லாமல் நேராகப் போட்டால் தொண்ணூறு ரூபாய் மிச்சம் என்று எழுதியிருந்தது. கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை கொடுத்துக்கொண்டே வந்தேன். பதினொன்றாவது கேள்வி: தடுப்புச் சுவர் உண்டா? விரல் ஒரு நிமிஷம் தயங்கியது. மலையைச் சேர்ந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 'இல்லை' என்பதை அழுத்தினேன். அறுநூற்று ஐம்பது ரூபாய் மிச்சம். செலினிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இடிஞ்சாண்ணன்கிட்டச் சொல்லீட்டீங்களா?"

"சொல்லணும்."

சொல்லவில்லை. ஒண்டிக்கடையில் அவர் குடை தெரிந்தால் நின்றிருக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் போய்விடுவேன். அந்த மாதிரி நான்கு முறை போனேன். நான்காவது முறை பஸ் கிளம்பிவிட்டது. நடுரோட்டில் தனியாக நின்ற என்னைப் பார்த்து, "என்னங்க ரைட்டர் சார், பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்று பரிவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை.

தடுப்புச் சுவரில் மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் வைத்திருப்பார்கள். எங்கள் சுவரில் இருபத்திரண்டு. ஓட்டை வழியே தண்ணீர் ஓடினால் பயமில்லை. ஓடாவிட்டால் அத்தனை தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நின்று அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் இருபது ஓடின. இரண்டாம் நாள் பதினான்கு. மூன்றாம் நாள் காலையில் ஒன்பது. மழையோ குறையவில்லை.

சமையலறைத் தரையில் ஒரு விரிசல் விட்டது. காலை எட்டு மணிக்கு ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைத்து நுழைத்தேன், போனது. பத்து மணிக்கு இரண்டு நாணயம் சேர்ந்து போனது.

"நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, நான் பாத்தரத்தையெல்லாம் முன்னாடி ரூமுக்குக் கொண்டு போறேன்," என்றாள் செலின். "இடிஞ்சாண்ணனுக்குப் போன் பண்ணுங்க."

"லைன் கிடைக்கல."

"பண்ணவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கறேன்."

அப்போது வாசலில் குடை தெரிந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. கனமழை பிடித்தால் தான் மனசுக்குள் இடித்த வீடுகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்து வருவது அவர் வழக்கமாம். எங்களுடையது அன்றைக்கு ஐந்தாவது வீடு. முழங்கால் வரை சேறு. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பதிமூணு ஓட்டை அடைச்சிருக்குதுங்க. செவுரு வயிறு தள்ளிப் போச்சு. சரி, பயப்படாதீங்க. கேஸ் சிலிண்டர வெளிய எடுத்துட்டு ரெண்டு பேரும் முன்னாடி வந்து நில்லுங்க. உழுந்தா உழுவட்டும். செவுருதான் பாலிசில இருக்குதே."

செலின் என்னைப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றேன். "புதுப்பிக்கறப்ப எடுத்துட்டேன். நானே போன்ல போட்டேன். ஐந்நூத்தி அறுவது ரூவா மிச்சமாச்சுன்னு..."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குடையை மடக்கினார்.

"பாலிசி இருந்தா உழுவலாமுங்க. இல்லைனா உழுவக் கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் பின்பக்கப் படிகளில் இறங்கினார்.

"யோவ், வேண்டாம்! மேல வாங்க!" நான் கத்தினேன். சுவருக்கு அடியில் ஒருவர் நிற்பதும், அதற்கு மேலே எங்கள் சமையலறை நிற்பதும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டது.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலது பக்கத்து முதல் ஓட்டையில் குடையின் முனையைச் செருகிக் குடைந்தார். சேறும் வேருமாக அடைத்திருந்தது. திடீரென்று அது பிய்த்துக்கொண்டு வர, செந்தண்ணீர் அவர் முகத்திலேயே பீய்ச்சி அடித்தது. துப்பிவிட்டு, "ஒண்ணு!" என்றார். அடுத்தது. "ரெண்டு!" நான் மேலே நின்று அவரோடு சேர்ந்து எண்ணினேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவதில் குடைத்துணி கிழிந்து தொங்கியது. எட்டாவதில் கம்பிகள் வளைந்தன. செலின் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் பின்னால் கேட்டது.

"ஒம்போது!"

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. வண்டியிலிருந்து கருங்கல் சரிவதைப் போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து காலடியில் ஒரு நடுக்கம். சுவரின் இடது பக்கம் முன்னால் சாய்ந்தது. சமையலறையின் ஒரு மூலை, பாத்திரம் கழுவும் தொட்டியும் கிரைண்டருமாக, மெதுவாக, அவசரமே இல்லாமல், அதோடு இறங்கிப் போனது. தூசி எழவில்லை. சேறுதான் எழுந்தது.

செலின் என் பின்னால் முன்னறையில் நின்றிருந்தாள். அவள் இருக்கிறாள். அவர்?

"இடிஞ்சா!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒன்று. இரண்டு. மூன்று. முப்பத்தாறு வருஷம் எண்ணியிருக்கிறேன், அந்த எண்கள் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. நான்கு. ஐந்து. செலின் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆறு. ஏழு.

கீழேயிருந்து குரல் வந்தது: "ரைட்டர் சார்! பதினாறு அடிதானுங்க போயிருக்குது! மீதி இருவத்தாறு அடி நிக்குது! ஊடு நின்னுக்கும்!"

வலது மூலையில் கொய்யா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தலையிலிருந்து கால் வரை சேறு. கையில் குடையின் கைப்பிடி மட்டும் இருந்தது. அவர் திறந்துவிட்ட ஒன்பது ஓட்டைகளிலும் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சுவர் அசையவில்லை.

"அறிவிருக்குதாய்யா உனக்கு?" என்று நான் கத்தினேன். அவரை நான் ஒருமையில் பேசியது அன்று ஒருநாள்தான். "உன்மேல விழுந்திருந்தா?"

"என்ர பாலிசி வேறீங்க," என்றார்.

பத்து நாள் கழித்து சேலத்திலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். முப்பது வயதுப் பெண். அதிகம் பேசாதவர். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. 'தடுப்புச் சுவர் இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது. எதிரே பதினாறு அடிக்கு இடிந்த தடுப்புச் சுவர் கிடந்தது. சுவருக்குப் பணம் வராது, அது தெரிந்ததே. படிவத்தில் பொய் சொன்னதற்காகச் சமையலறைக்கும் சேர்த்துக் கையை விரித்துவிட்டால்? எங்கள் சேமிப்பு சுவருக்கே சரியாகப் போய்விடும். சமையலறை இல்லாத வீட்டில் இரண்டு கிழங்கள் எத்தனை நாள் இருப்பது?

"விழுந்த மூலையோட பழைய அளவு வேணும் சார். பிளான் இருக்குதா?" என்று கேட்டார்.

பிளான் கிரைண்டரோடு போய்விட்டது. அதுவரை ஓரமாக நின்றிருந்த இடிஞ்சா, பைக்குள் கையை விட்டு ஒரு பழைய தாளை எடுத்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய அளவுத் தாள். நான் அவரை விட்டுப் போன பிறகும் வைத்திருந்திருக்கிறார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த கணமே போனது. அதே தாளின் அடிப்பாதியில் பெரிய எழுத்தில் 'தடுப்புச் சுவர், எட்டு லட்சம்' என்றும், அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தன. தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்ல இனி வழியில்லை.

அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "அடிப்பாதியக் கிழிச்சுட்டுக் குடுங்க," என்றேன் ரகசியமாக.

"கிழிக்கறதுங்களா? பாதிக் காயிதம் குடுத்தா, மீதிப் பாதி எங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

"சமையக்கட்டும் போயிருமுங்க!"

"ரைட்டர் சார், சமையக்கட்டுக்கு நீங்க காசு கட்டியிருக்கறீங்க. செவுத்துக்குக் கட்டல. ரெண்டையும் அப்பிடியே சொல்லுங்க. நொம்ப யோசிக்காதீங்க."

தாளை முழுசாகக் கொடுத்துவிட்டார். சர்வேயர் படித்தார். அடிப்பாதியையும் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா சார்?"

"ஐந்நூத்தி அறுவது ரூபாய்க்காக விட்டேம்மா," என்றேன்.

அவர் நான்கு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. பிறகு தாளைத் திருப்பி, "நாலு குடைன்னா என்ன அளவு?" என்று கேட்டார்.

"ஒரு குடை மூணடிங்க," என்றார் இடிஞ்சா, பெருமையோடு. "அந்தக் குடை போயிருச்சு. இது அதே கம்பெனி, அதே அளவு."

சர்வேயர் டேப்பை எடுத்து அந்தக் குடையை அளந்தார். "ரெண்டடி பதினொன்றரை அங்குலம் சார்."

இடிஞ்சா கண்ணை மூடினார். முதல் தடவையாக, வீடு எதுவும் அவர் மனசில் இடியவில்லை. அவரே இடிந்து நின்றார். குடைக்கு அரை அங்குலம் கூட்டிக் கணக்கிட்டிருக்கிறார்! அத்தனை வீட்டையும் கொஞ்சம் பெரிதாக அளந்து, அத்தனை பேரிடமும் கொஞ்சம் கூடுதலாகப் பிரீமியம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்! அடுத்த மூன்று வாரம், டேப்பும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கி, தன் கைக்காசை எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் மறுபடி தூக்கத்தை இழந்தார். எனக்கு வந்தது நூற்று ஐம்பத்தாறு ரூபாய். வேண்டாம் என்றேன். மேஜையில் வைத்துவிட்டு, கணக்குச் சரியா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உறையைச் செலின்தான் பிரித்தாள். சமையலறைக்கு, நாங்கள் ஏற்றுக்கொண்ட முதல் பத்தாயிரம் போக, மீதி உண்டு. சுவருக்கு ஒன்றும் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடிதத்தைப் பதினோரு முறை படித்தேன்.

பதினாறு அடிச் சுவரைச் சேமிப்பிலிருந்து கட்டினோம். மேஸ்திரிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓட்டைகளைக் கூட்டி வைக்கச் சொன்னார் இடிஞ்சா. இப்போது மொத்தம் முப்பது. பாலிசியில் சுவர் திரும்ப வந்துவிட்டது, ஏஜென்ட் என்ற இடத்தில் அவரும்.

போன வருஷம் அவருக்கு முழங்கால் தேய்ந்துபோய், சேலத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆனால் மலையில் மழை என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் வீட்டு போன் அடிக்கும்.

"ரைட்டர் சார், ஓட்டை எத்தினிங்க ஓடுது?"

"முப்பதும் ஓடுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன். பிறகு ஒரு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு, பதினான்கு படியும் இறங்கிப் போய், அடைத்துக் கிடக்கும் மூன்றையும் குடைந்து திறந்துவிடுகிறேன். இருபத்தேழு என்று உண்மையைச் சொன்னால், அந்த முழங்காலோடு முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவார்.